மஞ்சளில் முக்கிய சேவல் இறகு

என் ராசா,

இதை ஃபோனில் சொல்லத்தான் பார்த்தேன், முடியவில்லை. நான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து லைன் அறுந்துவிடுகிறது. லைன் நன்றாக இருந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். "சாப்பிட்டியா, குளிருக்குப் போத்திக்கிறியா" என்று எதையோ கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதியிருக்கிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. பர்மிய எழுத்தில் எழுதினால் உன் தங்கை தோளுக்குப் பின்னால் நின்று முழுசாகப் படித்துவிடுவாள். தமிழ் எழுத்து அவளுக்கு அறவே வராது. உனக்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் புத்தகம் வரைக்குமாவது ஏறியிருக்கிறது. எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படி. உன் அறையில் இருக்கும் அந்த நேபாளப் பையன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். வைகாசியில் உன் தங்கைக்குக் கல்யாணம். அண்ணன் பக்கத்தில் நின்று கையில் பொரி அள்ளிப் போட்டால்தான் மணவறையில் உட்காருவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். நீயும் போன வாரம், "அமே, டிக்கெட் போட்டுட்டேன். வரவா, வேண்டாமா, நீ சொல்லு" என்று கேட்டாய். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் "வாடா என் தங்கம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தைக்க உட்கார்ந்தால் நூல் கோக்காமலே மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன், எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் அப்பாவோ நீ வரப்போகிற சந்தோஷத்தில் உன் படுக்கை இருந்த பக்கத்துச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சுண்ணாம்பு வாசனை வரும்போதெல்லாம் நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன்.

நீ வருவது பெரிய காரியமில்லை. வந்தவன் திரும்பிப் போக முடியுமா என்பதுதான் என் கவலை. கீழ்வீட்டு டோ ஷ்வேயின் மகன் அவன் அப்பா செத்ததற்கு மலேசியாவிலிருந்து ஓடி வந்தானே, ஞாபகம் இருக்கிறதா? பத்து நாளில் போய்விடுவேன் என்றுதான் வந்தான். இன்னும் இங்கேதான் இருக்கிறான். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள், உன் வயசுப் பையன்களை இப்போது லேசில் நாட்டை விட்டு வெளியே போக விடுவதில்லை. அவன் தெருவில் இறங்குவதில்லை, ஜன்னலைத் திறப்பதில்லை. மாடிப்படியில் புதுசாகச் செருப்புச் சத்தம் கேட்டால் டோ ஷ்வே கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கதவருகே போய் நிற்கிறாள். நேற்று என்னிடம், "என் பையனை நான்தானே கூப்பிட்டேன்" என்றாள்.

நீ கிளம்பின நாளை நினைத்துப் பார்க்கிறேன். விமான நிலையத்தில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் உன் பெட்டி கனம் கூடிவிட்டது என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊறுகாயை எடு, இறால் பலாச்சாவை எடு, ஸ்வெட்டரை உடம்பில் போட்டுக்கொள் என்று நடுவழியில் பெட்டியைத் திறக்க வைத்தேன். கதவு மூடிவிடுமோ, யாராவது கூப்பிட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் உன் முதுகில் கையை வைத்து, "போ, போ, நிக்காத" என்று தள்ளினேன். நீ திரும்பிப் பார்த்தாய். அப்போதும் நான் "போடா" என்றுதான் சொன்னேன். உன்னை ஒரு நிமிஷம் பிடித்து நிறுத்திக் கன்னத்தைத் தடவியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இப்போது உன்னை வாடா என்று கூப்பிட்டேனோ என்னவோ.

அதற்கப்புறம் நீ அனுப்பிய வீடியோவைச் சொல்ல வேண்டும். போன வருஷம் ஜப்பானில் பனி உருகின சமயம் அது. ரொட்டி ஃபேக்டரி லீவு நாளில், இடுப்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு, கல்லும் நுரையுமாக ஓடுகிற ஆற்றுக்கு நடுவில் நின்றாய். கையில் மெல்லிசாக ஒரு தூண்டில். நான் பார்த்த தூண்டிலெல்லாம் புழுவைக் கோத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்வது. நீயோ கயிற்றை ஆகாயத்தில் முன்னும் பின்னுமாக வீசிக்கொண்டே இருந்தாய். நானும் அப்பாவும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஃபோனைப் பார்த்தோம். "இவன் மீன் புடிக்கிறானா, மாடு ஓட்டுறானா?" என்றார் அப்பா. கடைசியில் ஒரு மீன் வந்தது. டிரவுட் என்றாய். உடம்பெல்லாம் குங்குமம் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளி. குழம்பு வைத்தால் எத்தனை துண்டு வரும் என்று நான் மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ அதைத் தண்ணீரில் விட்டுவிட்டாய்.

உன் அப்பாவுக்கு வந்ததே கோபம்! "புடிச்ச மீனை விடுறதுக்கா இவ்ளோ தூரம் போயி குளிர்ல நிக்கிறான்? புத்தி கித்தி பெசகிப் போச்சா இவனுக்கு?" என்று குதித்தார். அப்புறம் வழக்கம்போல "கெய்சா மஷீபூ, பரவாயில்ல, சம்பளத்த விடாம மீனத்தானே விடுறான்" என்று அவரே அடங்கினார். அவருக்கு வெள்ளம் வந்தாலும் கெய்சா மஷீபூதான், மீ போய் வீடே இருட்டானாலும் கெய்சா மஷீபூதான். நான்தான் உன்னைக் கேட்டேன், ஏன்டா விட்டாய் என்று. "மீன விடுறதுலதான்மா வேலையே இருக்கு" என்றாய். கையை முதலில் ஆற்றில் நனைத்துக்கொள்ள வேண்டுமாம், காய்ந்த கை பட்டால் மீனின் தோல் கெட்டுவிடுமாம். அப்படியே தூக்கிப் போட்டுவிடக் கூடாது, தண்ணீர் வருகிற திசைக்கு அதன் முகத்தைக் காட்டி, மூச்சு திரும்பும் வரைக்கும் இரண்டு கையாலும் லேசாகத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டுமாம். அதற்கே பலம் வந்து வாலை அடிக்கும்போது கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றாய். நான் "ஆமாமா, பெரிய டாக்டரு" என்று சிரித்தேன்.

அப்புறம் இந்தத் தை மாசத்தில் சேவல் இறகு கேட்டாயே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி நீயே கட்டிக்கொள்கிறாய் என்றும், அதற்குச் சேவலின் கழுத்து இறகு வேண்டும் என்றும், அங்கே கடையில் அதை விலை கேட்டால் மயக்கம் வருகிறது என்றும் சொன்னாய். நல்ல நேரம், உனக்கு விசா கிடைத்ததற்கு முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சிவப்புச் சேவல் கடன் அப்படியே நின்றிருந்தது. அந்த வாரமே அறுத்து, பொங்கல் வைத்து, கழுத்து இறகைத் தனியாகப் பறித்து வைத்தேன். சாமிக்கு அறுத்த சேவல், இறகில் ரத்தம் வேறு. அதை அப்படியே கடல் தாண்டி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நல்ல விரலி மஞ்சளாக இடித்து, சுடுதண்ணீரில் கரைத்து, ஓர் இரவு முழுக்க ஊறப் போட்டு, மொட்டைமாடியில் பழைய முறத்தைக் கவிழ்த்து மூடி நிழலில் காயவைத்தேன். கூடவே என் தையல் பெட்டியிலிருந்து சிவப்புப் பட்டுநூல் ஒரு கண்டும் வைத்து, ஜப்பானுக்கு வேலைக்குக் கிளம்பிய ஒரு பெண்ணின் பெட்டியில் திணித்து அனுப்பினேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் நீ போட்ட சத்தம் கீழ்வீட்டுக்கே கேட்டிருக்கும். "அமே! என்ன பண்ணி வெச்சிருக்க? எல்லாம் மஞ்சளா இருக்கு!"

"மஞ்சள்ல முக்கினா மஞ்சளாத்தான்டா இருக்கும். பின்ன பச்சையாவா இருக்கும்?"

"எனக்குப் பழுப்பு நெறம் வேணும்மா. இங்க மீனு பழுப்புப் பூச்சிதான் திங்கும்."

"திங்காட்டி பட்டினி கெடக்கட்டும். எனக்கென்ன?"

அன்றைக்குக் கோபித்துக்கொண்டு ஃபோனை வைத்தாய். எனக்கும் கோபம்தான். நாலு நாள் நானும் கூப்பிடவில்லை. அப்புறம் இந்தச் சித்திரையில், இங்கே திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவின் ஈரம் தெருவில் காயாமல் இருந்தபோது, அங்கிருந்து கூப்பிட்டாய். மூச்சு வாங்கியது உனக்கு. அந்தக் காலையில் ஆற்றுக்குள்ளிருந்து சின்னச் சின்னதாக மஞ்சள் பூச்சிகள் கிளம்பிப் பறந்தனவாம். வந்திருந்தவர்கள் எல்லாரும் பழுப்புப் பூச்சி கட்டி வீசி ஒன்றும் கிடைக்காமல் நின்றார்களாம். நீ வேறு வழியில்லாமல் என் மஞ்சள் இறகை எடுத்துக் கட்டினாயாம். "அமே, நீ அனுப்பினதுக்குத்தான் வந்துச்சு! உன் நூல்ல கட்டினதுக்கு!" என்று கத்தினாய். ராசா, எத்தனையோ பேருக்குக் கல்யாண ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறேன், யாரும் இப்படிக் கூப்பிட்டுச் சொன்னதில்லை. ஃபோனை வைத்துவிட்டுத் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மோஹிங்கா விற்கிற பெண்ணுக்கு ஒரு எழவும் புரியவில்லை. இருந்தாலும் கிண்ணத்தில் கூட ஒரு கரண்டி ஊற்றினாள்.

அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பை நான் கவனித்தேன். இங்கே கடைசி இரண்டு வருஷம் நீ அப்படிச் சிரிக்கவில்லை. மாடியில் யார் வந்தாலும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்ட பிள்ளை நீ.

இப்போது போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. உன்னை வாடா என்று சொல்லிவிட்டு மனசு பதறினதால், நீ பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று ஆற்றில் மீன் விட்டு வரலாம் எனக் கிளம்பினேன். கசோன் மாசம், ஊரே மீன் விடுகிறது, புண்ணியம் நமக்கும் வரட்டுமே என்று தாமுவேயிலிருந்து பஸ் ஏறிக் கியாக்டடாவில் இறங்கி, வெயிலில் ஆற்றங்கரைக்கு நடந்தேன். படித்துறையில் பேசினில் மீன் வைத்து விற்கிறவளிடம் ஒரு விரால் வாங்கினேன். வால் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது, பாவமாக இருந்தது, அதனால்தான் அதை எடுத்தேன். மற்றவர்கள் மேல்படியில் நின்றே பையைக் கவிழ்த்தார்கள். நான் நீ சொன்னபடி செய்தேன். கடைசிப் படியில் இறங்கி, கையை நனைத்து, ஓட்டத்துக்கு எதிரே அதன் முகத்தைத் திருப்பி, தாங்கிக்கொண்டு இருந்தேன். "ஆண்ட்டி, மீனுக்குத் தாலாட்டா பாடுறீங்க?" என்று அந்தப் பேசின்காரி சிரித்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. விரால் ஒரு உதறு உதறிவிட்டுப் போனது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

மேலே வந்து நிழலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு குடும்பம் வந்து தண்ணீரில் பொரியை அள்ளி அள்ளிப் போட்டார்கள். படியோரம் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் வந்து மொய்த்தன. ஒரு ஆள் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கைவலையால் ஒரு வாரு வாரினான். பேசினில் கொட்டினான். அதில் வால் கிழிந்த என் விரால் கிடக்கிறது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அடப்பாவி, இப்பத்தானேடா விட்டேன்! என் புள்ளைக்காக விட்ட மீனுடா அது!" என்று தமிழிலும் பர்மியத்திலும் கலந்து கத்தினேன். அவன் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. வலையை உதறிக்கொண்டே, "நான் எங்கயும் தேடிப் போயிப் புடிக்கல ஆண்ட்டி. அதுவாத்தான் வந்துச்சு. இந்தப் படியில தீனி தின்னு பழகினது. நட்டாத்துக்குப் போயிருந்தா எனக்கு எப்பிடிக் கெடைக்கும்?" என்றான்.

அதே மீனை மறுபடியும் காசு கொடுத்து வாங்கினேன். ஆமாம், உன் அம்மா அவ்வளவு பெரிய முட்டாள்தான். பையில் தண்ணீரோடு பிடித்துக்கொண்டு, டலா கரைக்குப் போகிற ஒரு சம்பானில் ஏறி, நட்டாற்றில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். அலை அடித்துப் படகு ஆடுகிறது. எனக்கு நீச்சல் தெரியாது என்று உனக்குத் தெரியும். படகுக்காரர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, அதைத் தாங்கிப் பிடித்தேன். கை வலித்தது. விட மனசு வரவில்லை. அது என் கையிலேயே இருந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. அப்புறம் அது வாலை அடித்தது, கையை எடுத்துவிட்டேன். கலங்கல் தண்ணீர், எந்தப் பக்கம் போனது என்றுகூடத் தெரியவில்லை. படகிலேயே உட்கார்ந்து அழுதேன். "என்னம்மா, மோதிரம் விழுந்துருச்சா?" என்று படகுக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தார். "புள்ளைய வர வேணாம்னு சொல்லப் போறேன்" என்றேன். மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். சுண்ணாம்பு அவர் முழங்கை வழியாக ஒழுகியது. அவர் கெய்சா மஷீபூ என்று சொல்லவில்லை, ராசா. இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொல்லாமல் விட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டூலை விட்டு இறங்கி, கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். சுவர் பாதி வெள்ளையும் பாதி பழசுமாக அப்படியே நிற்கிறது.

அதனால் சொல்கிறேன். நான் வா என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிடு. தங்கச்சி அழுவாள், உன்னோடு பேச மாட்டேன் என்பாள், நீ பதில் பேசாதே, நான் சொன்னதாகவே சொல்லு. திட்டட்டும், என்னைத் திட்டட்டும். பொரியை நான் போடுகிறேன். பொண்ணோட அம்மா போடக் கூடாது, அண்ணன் முறையில் ஒருத்தன் வேண்டும் என்று ஐயர் ஏதாவது ஆரம்பித்தால், அவள் அண்ணனுக்காக நான் போடுகிறேன் என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேலும் பேசினால் அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். சித்தப்பா பெரியப்பா பையன் யாரையும் உன் இடத்தில் நிறுத்த மாட்டேன்.

முகூர்த்தம் காலையில்தான். அந்த நேரத்தில் நீ ஃபேக்டரிக்குப் போகாதே, லீவு சொல்லிவிட்டு உன் ஆற்றுக்குப் போ. ஃபோனைப் பார்த்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்து அழுவது வேண்டாம். நலங்கு வைக்கிற மஞ்சளில் கொஞ்சம் எடுத்து வைத்து இன்னும் இறகு முக்கி அனுப்புகிறேன். கல்யாணத்துக்குள் வந்து சேராது, பரவாயில்லை, அடுத்த வருஷப் பூச்சிக்கு ஆகும். அன்றைக்குப் பழைய இறகையே கட்டிக்கொள். கயிறு பின்னால் முழுசாக நீளும் வரைக்கும் பொறுத்துத்தான் முன்னால் வீச வேண்டும், அவசரப்பட்டால் சிக்கிக்கொள்ளும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, உனக்காவது இருக்கட்டும். ரொம்ப நேரம் பனித்தண்ணீரில் நிற்காதே. மீன் வந்தால் நன்றாகத் தாங்கிப் பிடி. நான் விமான நிலையத்தில் செய்யாததையும் சேர்த்துச் செய். அப்புறம் விட்டுவிடு.

தெருவில் "மீ லாபீ, மீ லாபீ" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். கரண்ட் வந்துவிட்டது. எப்போது போகும் என்று தெரியாது, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும், ரவிக்கை ஒன்று பாதியில் நிற்கிறது. இந்தத் தாள்களை இப்போதே படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடப் போகிறேன். தண்ணீர் பிடித்துவிட்டு வந்து அனுப்பலாம் என்று வைத்தால், திரும்ப ஒரு தடவை படிப்பேன். படித்தால் கிழித்துப் போட்டுவிட்டு, வாடா என்று உன்னைக் கூப்பிட்டுவிடுவேன்.

வராதே, என் தங்கம்.

அம்மா